மவுண்ட் அட்டைக்கு அடியில் ஒரு தீவு

பிரேம்காரர் அதுவரை ஐந்து சரித்திர நாவல்கள் எழுதியிருந்தார். ஒன்றுகூட முடியவில்லை. அவருக்குக் கற்பனை வறண்டுபோனதென்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் வரைபடத்தின் சொந்தக்காரர் வந்து வரைபடத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார், அவ்வளவுதான்.

அவருக்குத் தொழில் படங்களுக்குப் பிரேம் போடுவது. சாவி வெட்டுகிறவர் கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில், கொஞ்சம் தொந்தி போட்டவர்கள் பக்கவாட்டில் நுழைய வேண்டிய அகலத்தில் கடை. கல்யாணப் போட்டோ, பட்டம் வாங்கிய போட்டோ, போய்ச் சேர்ந்தவர் போட்டோ, எதுவானாலும் சொன்ன நாளில் கையில் கொடுத்துவிடுவார். கட்டையை அவர் அறுப்பார், மூலை சேர்ப்பார், படத்தைச் சுற்றி வருகிற மவுண்ட் அட்டையை வெட்டுவார். கண்ணாடி மட்டும் மனைவியின் இலாகா. பிரேம்காரர் கைவைத்தால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். அந்த அம்மாள் வைரமுனையால் ஒரு கோடு இழுத்து, மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு இரண்டாகும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த அம்மாள் கையில் ஒரு கண்ணாடி வீணானதில்லை. அதைத் தானாக யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. மற்றவர்கள் சொன்னால் மறுத்ததும் இல்லை.

பழைய வரைபடம் வந்துவிட்டால் மட்டும் கடையின் வேகம் மாறிவிடும்.

ஆரம்பித்து வைத்தவர் ஒரு வங்கி மேலாளர். வெளிநாட்டுச் சந்தையில் வாங்கியதாகச் சொல்லி, மடிப்பு மடிப்பாகப் பிளந்திருந்த ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்தார். அதில் மலைகளெல்லாம் கவிழ்த்து வைத்த டம்ளர்கள் மாதிரி வரிசையாக நின்றன. மலையடிவாரத்தில் ஒரு பெரிய வாசல். அந்த வாசலுக்கு வருகிற பாதையும் இல்லை, அதிலிருந்து போகிற பாதையும் இல்லை. பாதையே இல்லாத இடத்தில் எவன் வாசல் கட்டினான் என்று பிரேம்காரர் யோசித்தார். சாயங்காலம் கடை சாத்துவதற்குள் அந்த வாசலில் ஒரு தளபதி குதிரையோடு வந்து நின்றுவிட்டார். எட்டு அத்தியாயம் போனது. மேலாளர் வந்தார், வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். தளபதி இன்றைக்கும் அங்கேயேதான் நிற்கிறார்.

இரண்டாவது நாவலில் ஒரு ராணி ஏரியில் குளிக்க இறங்கினாள், கரையேறவில்லை. மூன்றாவதில் ஓர் ஒற்றன் கோட்டை மதில்மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டான். அந்தச் சமயத்தில் மனைவியின் தம்பி, ஊரில் தட்டச்சுக் கடை வைத்திருக்கும் மச்சான், "இதுக்குப் போய் ஏன் மாமா இவ்வளவு கஷ்டம்? ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டா போச்சு" என்று வரைபடத்தைத் தன் போனில் படம் பிடித்துக் கொடுத்தான். விளக்கு வெளிச்சம் பளிச்சென்று கோட்டையின் மேலேயே விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கோட்டைக்குள் யாராலும் நுழைய முடியவில்லை. பிரேம்காரர் போட்டோ பக்கம் போவதையே விட்டுவிட்டார். தாள் எதிரில் தொங்க வேண்டும், மடிப்பில் நிழல் விழ வேண்டும், கடல் பழுத்த நிறத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு ஆட்கள் நடக்க மாட்டார்கள்.

எழுதியது எல்லாம் அட்டையில். மவுண்ட் வெட்டும்போது நடுவில் சன்னல் மாதிரி ஓர் அட்டைத் துண்டு மிஞ்சும். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வெட்டினால் சின்னத் துண்டு, குடும்பப் படத்துக்கு வெட்டினால் பெரிய துண்டு. ஒரு துண்டுக்கு ஓர் அத்தியாயம். ஆகவே அத்தியாயத்தின் நீளத்தைத் தீர்மானித்தவர்கள் வாடிக்கையாளர்களே. ஒரு பெரிய குடும்பம் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டால் போர்க்களம் விஸ்தாரமாக வரும். சின்னப் படங்களாக வந்த வாரத்தில் ஒரு சக்கரவர்த்தி நான்கே வரியில் செத்துப்போனார்.

வாசகர் ஒரே ஒருவர். அந்த அம்மாள் வெட்டிய கண்ணாடிகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க இடையில் அட்டை வைப்பது வழக்கம். எழுதிய அட்டையைத்தான் வைப்பார். வைப்பதற்கு முன் படிப்பார். படித்ததும் "ம்" என்பார். நல்ல அத்தியாயமாக இருந்தால் கண்ணாடியை அடுக்காமல் கொஞ்ச நேரம் அட்டையைக் கையிலேயே வைத்திருப்பார். அவ்வளவுதான் விமர்சனம். ஆனால் வரைபடம் போன மறுநாள் மட்டும் காபியைக் கொஞ்சம் வேகமாகக் கீழே வைப்பார்.

"அஞ்சு பேரை நட்டாத்துல விட்டிருக்கீங்க. ஒருத்தரையாவது வீடு கொண்டுபோய்ச் சேருங்க."

"வரைபடம் நம்மளோடதா? நான் என்ன பண்ணட்டும்?"

"அந்த ராணி எத்தனை வருஷமா தண்ணியிலயே கிடக்கிறா. சளி பிடிக்காது?"

பிரேம்காரருக்கு வயது ஐம்பத்தெட்டாகிவிட்டது. சாவதற்குள் ஒரு நாவலையாவது முடித்து, கடைசி அட்டையின் கீழே 'முற்றும்' என்று தன் கையால் எழுதிப் பார்த்துவிட வேண்டும். அவருக்கு வேறு பேராசை எதுவும் இருக்கவில்லை.

ஆறாவது வரைபடத்தைக் கொண்டுவந்தவர் பல் டாக்டர். தெருக்கோடியில் புதிதாக ஆஸ்பத்திரி திறந்திருந்த பெண்மணி. வரைபடத்தை மேசையில் விரித்து, நான்கு மூலைகளையும் தொட்டுக் காட்டினார். மூலைக்கு ஒரு காற்று தேவன், கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தான்.

"இதுக்காகத்தான் வாங்கினேன். என்கிட்ட வர்றவங்க எல்லாம் இப்படித்தான் வருவாங்க. காத்திருக்கிற இடத்துல மாட்டப்போறேன். எப்ப கிடைக்கும்?"

"அடுத்த வாரம்," என்றார் பிரேம்காரர். சொல்லும்போதே கண் கடலுக்குள் போய்விட்டது.

நல்ல கடல். நடுவில் நாய்முகத்தோடு ஒரு மீன். இடப்பக்கம் கரை, கரையில் நகம் அளவு கோட்டை, கோட்டைக்குப் பின்னாலிருந்து வளைந்து வரும் ஆறு. நிலத்துக்கெல்லாம் வெளிறிய பழுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். மறுநாள் காலையில் முதல் வேலையாக அளவெடுத்தார். ஓரங்கள் கிழிசல், அரிப்பு. ஒரு விரல்கடை உள்ளே தள்ளி வெட்டினால் எல்லாம் மறைந்துவிடும் என்று கணக்குப் பண்ணி மவுண்டை வெட்டி ஒதுக்கி வைத்தார். அந்தக் கடையில் வெட்டியதிலேயே பெரிய சன்னல் துண்டு அதில்தான் மிஞ்சியது. அதைக் கடைசி அத்தியாயத்துக்கென்று தனியே எடுத்து வைத்தார். வரைபடத்தை ஒரு பழுப்பு நிற ஹார்ட்போர்டில் கிளிப் போட்டு எதிர்ச்சுவரில் தொங்கவிட்டார். சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்து பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. வலப்பக்கக் கோடியில், கரையிலிருந்து வெகு தூரத்தில், பெயரே இல்லாமல் பழுப்பாக ஒரு குட்டித் தீவு.

பெயர் இல்லாத தீவில் யாராவது ஒளிந்திருக்க வேண்டும். அவ்வளவு போதும் அவருக்கு.

ராஜா இறந்துபோகிறார். சித்தப்பா கோட்டையைப் பிடித்துக்கொள்கிறார். இளவரசி ஓர் உப்பு வியாபாரியின் படகில் ஆற்று வழியே தப்பிக்கிறாள். அப்பாவின் பழைய படைத்தலைவர் ஆட்களோடு தீவில் காத்திருக்கிறார் என்று அவளுக்குச் செய்தி. சித்தப்பாவுக்கும் அதே செய்தி எட்டிவிடுகிறது. கப்பல்கள் துரத்துகின்றன. அந்த அம்மாள் இரண்டாம் அத்தியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நேரத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

அடுத்த வாரம் வந்தது. டாக்டர் போன் செய்தார். பிரேம்காரர் ரிசீவரை மனைவியிடம் நீட்டி, "கட்டை இன்னும் வரலைன்னு சொல்லு" என்று கிசுகிசுத்தார். அதற்கடுத்த வாரம் பசை காயவில்லை. பிறகு கண்ணாடி உடைந்துவிட்டது. மறுபடி உடைந்தது. மூன்றாவது முறை உடைந்ததாகச் சொல்லி ரிசீவரை வைத்துவிட்டு, அந்த அம்மாள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா?"

"அந்த டாக்டரம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'பரவாயில்லைம்மா, வயசாச்சுன்னா கை நடுங்கத்தான் செய்யும்'னாங்க."

பிரேம்காரர் அட்டையைப் பார்த்துக்கொண்டார்.

"உங்க இளவரசிக்காக என் கை நடுங்குது," என்றார் அந்த அம்மாள்.

இரண்டு நாள் கழித்துப் பிரேம்காரர் கட்டை வாங்க மரக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பினார். எதிர்ச்சுவரில் ஹார்ட்போர்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டரே வந்தாங்க," என்றார் மனைவி, கண்ணாடித் தூளைப் பெருக்கிக்கொண்டே. "மவுண்டும் பிரேமும் நீங்க பண்ணி வச்சிருந்தீங்க. ஒரு கண்ணாடி வெட்டினேன், அவங்க கண்ணு முன்னாடியே. பிரேமுக்குள்ள போட்டு, பின்னாடி அட்டை அடிச்சுக் கொடுத்துட்டேன். அரை மணி நேரம்கூட ஆகலை. உடையலை."

"இளவரசி நடுக்கடல்ல இருக்கா."

"தெரியும்," என்றார் அந்த அம்மாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "அவளுக்காகத்தான் இவ்வளவு நாள் பொய் சொன்னேன்."

அன்று இரவு சாப்பாட்டில் உப்பு இல்லை. இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

வரைபடம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்த முதல் நாவல் இதுதான். மற்ற ஐந்தும் யார் யார் வீட்டுக் கூடத்திலோ, எந்தப் பூட்டுக்குப் பின்னாலோ போய்விட்டன. இது தெருக்கோடியில், யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்கிற இடத்தில் தொங்குகிறது. ஒரே நிபந்தனை, பல் வலிக்க வேண்டும். பிரேம்காரருக்குப் பற்கள் இரும்பு மாதிரி. இருந்தாலும் மறுநாள் போய்ச் சீட்டு வாங்கினார்.

"என்ன தொந்தரவு ஐயா?" என்றார் சீட்டு எழுதும் அம்மாள்.

"எல்லாம்தான்," என்றார் பிரேம்காரர்.

வரைபடத்துக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து அட்டையை எடுத்தார். நிமிர்ந்து பார்த்தார். தீவைக் காணோம். நாய்முக மீன் இருந்தது, கோட்டை இருந்தது, நான்கு காற்று தேவர்களும் ஊதிக்கொண்டிருந்தார்கள். தீவு இருக்க வேண்டிய இடத்தில் மவுண்ட் அட்டையின் விளிம்பு வழுவழுவென்று, கொஞ்சமும் கோணாமல், மிகச் சுத்தமாக ஓடியது. அவர் கையால் வெட்டிய விளிம்பு. இவ்வளவு உள்ளே தள்ளி ஏன் வெட்டினேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். நினைவுக்கு வரவில்லை.

சரி, தீவுக்கு இன்னும் தூரம் இருக்கிறது, அதற்குள் வழி பிறக்கும் என்று எழுத ஆரம்பித்தார். அவர் முறை வந்தபோது பக்கத்திலிருந்தவரிடம், "நீங்க போங்க, எனக்கு அவசரமில்லை" என்றார். அடுத்தவரிடமும் அதையே சொன்னார். ஆஸ்பத்திரி மூடும்போது எழுந்து வீட்டுக்குப் போனார். மறுநாள் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். ஊரிலேயே பல் டாக்டரைப் பார்த்து இப்படிப் பயப்படுகிற ஆள் வேறு கிடையாது என்று பேச்சாகிவிட்டது. மச்சானுக்கும் காதில் விழுந்து, "மாமா, சின்ன ஊசிதான். எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்" என்று கடைக்கே வந்து தைரியம் சொல்லிவிட்டுப் போனான்.

நான்காம் நாள் படகு மவுண்ட் விளிம்பில் வந்து இடித்தது.

இனிமேல் நகர முடியாது. தீவின் எந்தப் பக்கம் கரை சரிவாக இருந்தது? வடக்கே ஒரு குடா இருந்தாற்போல் ஞாபகம். அங்கே இறங்கினால் படைத்தலைவர் பார்ப்பார். தெற்கே இறங்கினால் கப்பல்காரர்கள் பார்ப்பார்கள். வாழ்வா சாவா என்கிற விஷயத்தில் குத்துமதிப்பாக எழுதுவது அவருக்குப் பிடிக்காது. எழுந்து போய்க் கண்ணாடியோடு கன்னத்தை ஒட்டி, மவுண்டின் சரிவுக்குள் எட்டிப்பார்க்க முயன்றார். ஒரு கன்னம் வீங்கிய மனிதர், தாடையைச் சுற்றித் துண்டு கட்டியவர், அவருடைய தோளைத் தட்டினார்.

"சுவத்துல முட்டிக்காதீங்க சார். உள்ள போனா ரெண்டே நிமிஷம்."

அப்போது கதவு திறந்தது. டாக்டரே வெளியில் வந்தார். "நாலு நாளா வந்துட்டு வந்துட்டுப் போறீங்களாமே. முதல்ல நீங்க வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் நாற்காலியில் சாய்த்துவிட்டார். வாயைத் திறக்கச் சொன்னார். பஞ்சு வைத்தார். கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"பயமா?"

பிரேம்காரர் இல்லை என்று தலையாட்டினார்.

"தலையை ஆட்டாதீங்க. பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்கு? பின்ன எதுக்கு வர்றீங்க? வீட்டுல பிரச்சினையா?"

"ஆ," என்றார் பிரேம்காரர்.

"வீட்டுக்காரம்மா பாவம். வயசான காலத்துல கண்ணாடி எல்லாம் வெட்டவிடாதீங்க. ஆனா அன்னைக்கு என் முன்னால ஒண்ணு வெட்டினாங்க பாருங்க, வெண்ணெய்தான். அப்ப எப்படி அத்தனை உடைஞ்சதுன்னுதான் எனக்குப் புரியலை." டாக்டர் ஒரு பல்லைத் தட்டினார். "இதுல லேசா ஒரு சொத்தை ஆரம்பிச்சிருக்கு. வந்ததுக்கு அடைச்சுவிட்டுடறேன்."

ஊசி போட்டு, அடைத்து, கொப்பளிக்கச் சொல்லி, நாற்காலியை நிமிர்த்தியதும் பிரேம்காரர் முதல் காரியமாகச் சொன்னார்:

"ஒரு கண்ணாடியும் உடையலை டாக்டர். அவ கையில எதுவும் உடையாது. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். நான் ஒரு நாவல் எழுதறேன். அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான். ஒரு தீவு இருக்கு. அதை மவுண்டு போட்டு நானே மறைச்சுட்டேன். அதைப் பிரிச்சு ஒரே ஒரு தடவை பார்க்கணும்."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "இதை முதல் நாளே வந்து கேட்டிருக்கலாமே," என்றார். "பல்லாவது தப்பிச்சிருக்கும்."

காத்திருக்கும் இடத்தில் மேசையைக் காலி பண்ணினார்கள். வாரப்பத்திரிகைகளைச் சீட்டு எழுதும் அம்மாள் மடியில் வாங்கிக்கொண்டார். பிரேம்காரர் பிரேமைக் குப்புறப் போட்டார். ஆணி பிடுங்கக் குறடு கேட்டார். டாக்டர் உள்ளே போய்க் கடவாய்ப் பல் பிடுங்குகிற குறட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். சின்ன ஆணிகள் வலிக்காமல் வந்தன. பின்னட்டையை எடுத்து, வரைபடத்தை மவுண்டிலிருந்து மெல்லப் பிரித்து, வலப்பக்க ஓரத்தை விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

தீவுக்குள் விளக்கு தெரிந்தது.

கன்னம் வீங்கியவர் முதலில் பேசினார். "ஓட்டை சார் அது."

டாக்டர் தன் சின்னக் கண்ணாடியைக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தார். பழக்கதோஷத்தில் ஓரத்தை ஊசியால் தொட்டும் பார்த்தார். "பூச்சி அரிச்சது," என்றார். "பழசுதான். இனிமே பரவாது."

பிரேம்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. காலையில் அளவுகோலோடு வந்த பிரேம்காரர் அதை ஓட்டை என்றுதான் பார்த்தார். ஒழுங்காக அளந்து, மறைக்க ஏற்பாடும் பண்ணினார். சாயங்காலம் பழுப்பு ஹார்ட்போர்டு பின்னால் இருக்க, நாற்காலியில் சாய்ந்த நாவலாசிரியர் அதைத் தீவு என்றார். இரண்டு பேரும் ஒரே ஆள். ஒரு வார்த்தை கலந்து பேசிக்கொள்ளவில்லை. ஏழு அத்தியாயமாக ஒரு பெண்பிள்ளை பூச்சி அரித்த ஓட்டையை நோக்கிப் படகில் போய்க்கொண்டிருக்கிறாள்.

"அடைச்சுடலாமா?" என்றார் டாக்டர், ஆறுதலாக.

"வேண்டாம்."

"அங்க யாரு போறாங்க, கதையில?" என்றார் கன்னம் வீங்கியவர். துண்டுக்குள்ளிருந்து வார்த்தைகள் நசுங்கி வந்தன. பிரேம்காரர் சுருக்கமாகச் சொன்னார்: இளவரசி, உப்புப் படகு, துரத்துகிற சித்தப்பாவின் கப்பல்கள்.

"சித்தப்பாவுக்கு வழி எப்படித் தெரியும்?"

"அவர்கிட்டயும் இதே வரைபடம்தான்."

"அப்ப அவரும்ல ஏமாந்திருப்பாரு," என்றார் கன்னம் வீங்கியவர். "அத்தனை கப்பலையும் இங்க அனுப்பிட்டு, அங்க கோட்டையில யார் காவல்?"

பிரேம்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பையைத் திறந்து, கடைசி அத்தியாயத்துக்கென்று வைத்திருந்த பெரிய அட்டையை எடுத்தார். கொஞ்ச நாளாக அதை வெறுமனே சுமந்துகொண்டு அலைந்திருந்தார். மேசையில் வரைபடத்துக்குப் பக்கத்திலேயே வைத்து எழுத ஆரம்பித்தார். மரத்துப்போயிருந்த உதட்டிலிருந்து எச்சில் வழிந்தது. சீட்டு எழுதும் அம்மாள் ஒரு பஞ்சை நீட்டினார். கன்னம் வீங்கியவரை டாக்டர் உள்ளே கூப்பிட்டார். "நீங்க வேற யாரையாவது பாருங்க, எனக்கு அவசரமில்லை" என்று அவர் நகரவில்லை.

இளவரசி தீவு இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தாள். தண்ணீர்தான் இருந்தது. வரைபடத்தை விரித்து, வெயிலில் தூக்கிப் பிடித்தாள். தீவுக்குள் சூரியன் தெரிந்தது. ராத்திரியோடு ராத்திரியாகப் படகைக் கோட்டைக்கே திருப்பினாள். சித்தப்பாவின் கப்பல்கள் இல்லாத தீவைத் தேடி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன. கோட்டையில் ஒரு சமையல்காரனும் ஒரு பூனையும் இருந்தார்கள். மேல்மாடத்தில் சித்தப்பா வரைபடத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்னேரம் பிடிச்சிருப்பாங்க" என்றார், காலடிச் சத்தம் கேட்டு. "யாரைச் சித்தப்பா?" என்றாள் இளவரசி.

அட்டை அத்தோடு நிரம்பிவிட்டது. 'முற்றும்' எழுத இடமில்லை.

மவுண்டை அப்படியே திரும்பப் போட டாக்டர் சம்மதிக்கவில்லை. ஓட்டை தெரிய வேண்டும், அதுதான் இப்போது விசேஷம் என்றார். பிரேம்காரர் அதைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சன்னலைப் பெரிதாக வெட்டினார். வெட்டியதில் விரல் அகலத்துக்கு நாலு பட்டைகள் மிஞ்சின. ஒரு பட்டையை எடுத்துவைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். அந்தச் சொல்லை எவ்வளவு பெரிதாக எழுதுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதினார். கை லேசாக நடுங்கியது.

மனைவி பெரிய அட்டையை நின்றபடியே படித்தார். பட்டையையும் படித்தார். "ம்" என்று சொல்லவில்லை. கடைசி அட்டையைக் கண்ணாடிகளுக்கு நடுவில் செருகவும் இல்லை. துணி மடித்து வைக்கும் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்த கணவரைப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்லை. மரத்துப்போயிருக்கு."

"டாக்டரம்மா போன் பண்ணாங்க," என்றார் அந்த அம்மாள், கண்ணாடி மேசைக்குத் திரும்பியபடி. "என் கையைப் பத்தி நீங்க சொன்னீங்களாம்." வைரமுனையை எடுத்துக் கோடு இழுத்தார், தட்டினார். கண்ணாடி இரண்டாயிற்று.

பிரேம்காரர் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹார்ட்போர்டு காலியாகத் தொங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, ஓரங்களில் தூசி படிந்த ஓர் அட்டைக்கட்டு அவர் மடியில் வந்து விழுந்தது. முதல் நாவல்.

"இந்தத் தளபதி எவ்வளவு வருஷமா அந்த வாசல்ல நிக்கிறாரு," என்றார் மனைவி. "இவரையும் உள்ள அனுப்பிடுங்க."

"அந்த வரைபடம் இங்க இல்லையே."

அந்த அம்மாள் ஹார்ட்போர்டைக் கழற்றி மேசைமேல் போட்டு, மூலைக்கு ஆணி அடிக்கத் துளைபோடும் கருவியைக் கையில் எடுத்தார்.

"ஓட்டைதானே வேணும்? எந்த இடத்துலன்னு காட்டுங்க."